ஸ்பாரிங்கில் கால் காட்டும் கோளாறு: அறிகுறி பார்த்து நிலையைச் சரிசெய்யும் வழிமுறை

ஸ்பாரிங், அதாவது குத்தும் உதையும் கலந்த பயிற்சிச் சண்டை, முடித்து வருபவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "கை மெதுவாகிவிட்டது", "கார்ட் (முகத்தைக் காக்கும் கைகள்) இறங்கிவிட்டது", "அவருக்குக் கை நீளம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நான் அவர் காலைப் பார்ப்பேன். அடி வாங்கிய கணத்தில் உடல் பாரம் எந்தக் காலில் இருந்தது, அது அடுத்து எங்கே போக வேண்டியிருந்தது என்று தெரிந்தால், கையில் தெரிந்த கோளாறுக்குப் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நேர்வது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியில் உள்ள இரண்டு சோதனைகளையும் கட்டாயம் செய்துவிடுங்கள். இரண்டும் இல்லாமல் திருத்தத் தொடங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஆணி அடிப்பதற்குச் சமம். இடது கால் முன்னால் நிற்பதாக வைத்து எழுதியிருக்கிறேன். சவுத்பாக்கள் (வலது காலை முன்னால் வைத்து நிற்பவர்கள்) மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: இரண்டு சோதனைகள்

எடை பார்க்கும் கருவி இரண்டு வேண்டும். முள் சுழலும் பழைய வகை நல்லது. டிஜிட்டல் கருவிகள் பலவும் எண் நிலைத்ததும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும், அதன் பிறகு நடக்கும் அசைவைக் காட்டாது. இரண்டையும் உங்கள் கால் இடைவெளிக்கு ஏற்ப வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாதத்தை வைத்து, கார்டைத் தூக்கி வழக்கம்போல நில்லுங்கள். குனிந்து நீங்களே எண்ணைப் பார்க்காதீர்கள். தலை மட்டுமே ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னால் வந்தாலே முள் நகர்ந்துவிடும். வேறொருவர் படித்துச் சொல்லட்டும்.

அவர் சொல்வதற்கு முன், உங்கள் கணக்கு என்ன என்று நீங்கள் சொல்லுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் "சரிபாதி" என்கிறார், முள் முன்னால் 43, பின்னால் 27 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முதல் கோளாறு நிலையில் இல்லை, உணர்வில் இருக்கிறது. அவரிடம் "பாரத்தைக் கொஞ்சம் பின்னால் எடு" என்று எத்தனை முறை சொன்னாலும், எங்கிருந்து எடுப்பது என்றே தெரியாது. ஒரு வாரம், நாளுக்கு ஐந்து நிமிடம், கண்ணை மூடி நின்று எண்ணைச் சொல்லிப் பழகினால் உணர்வும் முள்ளும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும்.

இரண்டாவது சோதனைக்குக் கருவி வேண்டாம். நீங்கள் நிலையில் நில்லுங்கள். ஒருவர் "முன்" அல்லது "பின்" என்று திடீரெனச் சொல்வார். சொன்ன காலை ஓர் அங்குலம் தூக்க வேண்டும். பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் கைபேசியை வைத்துப் படம் பிடியுங்கள். பாதம் தரையை விடும் முன் தலை எவ்வளவு நகர்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மூக்கிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குவதாக நினைத்துக்கொண்டால் எளிது. ஒரு காலுக்குக் குண்டு சற்றே அசைகிறது, மற்றதற்கு ஒரு சாண் நகர்கிறது என்றால், பாரம் எந்தப் பக்கம் தேங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

எத்தனை சதவீதம் சரி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் பழகியது கராத்தே. ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவில் ஜென்குட்சு தாச்சிக்கு (தாச்சி என்றால் நிலை) முன்காலில் 60, பின்காலில் 40. கொக்குட்சு தாச்சிக்கு முன்னால் 30, பின்னால் 70. கிபா தாச்சிக்குச் சரிபாதி. நெக்கோ ஆஷி தாச்சிக்குப் பின்காலில் 90 என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அவை ஒரு அசைவு முடியும் இடத்தின் அளவுகள். எதிராளி முன்னால் அசைந்துகொண்டிருக்கும்போது நின்று காத்திருக்கும் இடத்தின் அளவாக அவற்றை நான் எடுத்துக்கொண்டேன். கிக்பாக்ஸிங் பழகப் போன முதல் மாதத்தில் என் இடது தொடை உதை வாங்கிக் கறுத்துப்போனது அதனால்தான். காத்திருக்கும்போது பாரம் இரண்டு கால்களுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் உடனே போகக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். 70 கிலோ உடலுக்கு ஒரு காலில் 32 முதல் 38 வரை எங்கே நின்றாலும் எனக்குப் பிரச்சினையில்லை.

"முன்காலில் லோ கிக் விழுந்துகொண்டே இருக்கிறது, தூக்கித் தடுக்க முடியவில்லை"

லோ கிக் என்பது காலில் விழும் தாழ்வான உதை. அது வருவதைப் பார்த்தீர்களா, பார்க்கவில்லையா? பார்க்கவே இல்லை என்றால் அது கண் சம்பந்தப்பட்ட வேறு பாடம். பார்த்தேன், கால் எழவில்லை என்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

முன்காலில் 42 கிலோ நிற்கிறது என்றால், அந்தக் காலைத் தூக்க வேண்டுமானால் அந்த 42-ம் முதலில் பின்காலுக்குப் போய்ச் சேர வேண்டும். கண்ணால் பார்த்து உடல் அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அதற்கு மேல் இந்த மாற்றத்துக்கும் நேரம் கொடுக்க எந்த உதையும் காத்திருக்காது. பாரம் ஊன்றிய கால் அடியோடு சேர்ந்து விலகவும் செய்யாது; நட்ட கம்பத்தில் விழுவதுபோல முழு அடியும் உள்ளே இறங்கும்.

இதற்கு நான் மாணவர்களிடம் சொல்லும் உதாரணம் 2021 ஜனவரியில் நடந்த யூஎஃப்சி 257 என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி. கானர் மெக்ரிகர் அன்று அகலமான, முன்காலில் பாரம் ஏறிய, குத்துக்குச் சாதகமான நிலையில் நின்றார். அவருடைய எதிராளி டஸ்டின் பொரியே தொடையை விட்டுவிட்டுக் கெண்டைக்காலுக்கு உதைத்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில், பாதத்தைத் தூக்க வைக்கும் நரம்பு எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே சில உதைகள் விழுந்தாலே கால் மரத்து, பாதம் சொன்னபடி கேட்காது. இரண்டாவது ரவுண்டில் மெக்ரிகரின் ஆட்டம் முடிந்தது. முடித்து வைத்தவை குத்துகள்தான், ஆனால் ஓட முடியாத கால் அதற்கு முன்பே தயாராகிவிட்டது.

திருத்தம்: இடைவெளியை அரை பாதம் குறையுங்கள். பெரும்பாலோருக்கு இதுவே பாதி வேலையை முடித்துவிடும், ஏனென்றால் அகலமாக நிற்கும்போது பாரம் கடக்க வேண்டிய தூரமும் அதிகம். பிறகு முன்காலின் குதிகாலுக்கு அடியில் ஒரு தாளை வையுங்கள். பார்ட்னர் இழுத்தால் கிழியாமல் வர வேண்டும். மூய் தாய் (தாய்லாந்து குத்துச்சண்டை) வீரர்கள் முன்காலை இலேசாகத் தட்டிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால் காலியாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எழும் என்பதுதான் அதன் பொருள்.

தூக்க நேரமே இல்லாதபோது, முன்பாதத்தையும் முழங்காலையும் சேர்த்து உதை வரும் பக்கம் திருப்புங்கள். கெண்டைச் சதையில் விழ வேண்டியது கணைக்கால் எலும்பில் விழும். உங்களுக்கும் வலிக்கும், உதைத்தவருக்கு அதைவிட வலிக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுப் பாரத்தை மொத்தமாகப் பின்காலில் கொட்டிவிடாதீர்கள். லோ கிக் பயத்தில் பின்னால் உட்கார்ந்துவிட்டவர்களின் கிராஸில் (பின்கை நேர்க்குத்து) வலு ஒன்றும் இருக்காது. நேராக உள்ளே வருகிற எவருக்கும் அவர்கள் இரை.

நின்ற நிலை சரியாக இருந்தும் உதை விழுகிறது என்றால், அது எப்போது விழுகிறது என்று படத்தில் பாருங்கள். அநேகமாக உங்கள் கிராஸ் முடிந்த கணத்தில் விழும். கிராஸ் பாரத்தை முன்காலில் கொண்டுபோய் வைக்கிறது, எதிராளி அதற்காகவே காத்திருக்கிறார். கிராஸோடு நிறுத்தாதீர்கள். ஒரு இடது ஹூக் (வளைத்து அடிக்கும் குத்து) போட்டால் பாரம் தானாகத் திரும்பி வரும், முன்கால் விடுதலை ஆகும்.

"உதை கிளம்பும் முன்பே எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது"

முள் வைத்த எடைக்கருவியில் நின்று, ஒரு காலை வேகமாகத் தூக்கிப் பாருங்கள். தூக்கப் போகும் காலின் முள் இறங்கும் முன், ஒரு கணம் ஏறும். பாரத்தை மறுகாலுக்கு அனுப்ப, தூக்கப் போகும் காலே தரையைக் கூடுதலாக அழுத்தித் தள்ளுகிறது. எல்லா மனித உடலும் இப்படித்தான் செய்யும். இதை அழிக்க முடியாது. ஆனால் சிறிதாக்கலாம், மறைக்கலாம்.

முதலில் எந்தக் கால் உதை தெரிந்துபோகிறது என்று கண்டுபிடியுங்கள். பின்கால் உதை மட்டும் தெரிகிறது என்றால் நீங்கள் பின்னால் கனமாக நிற்கிறீர்கள். முன்கால் உதை மட்டும் தெரிகிறது என்றால் முன்னால் கனம். இரண்டும் தெரிகிறது என்றால் இடைவெளி அதிகம், அல்லது முழங்கால்கள் விறைத்திருக்கின்றன. விறைத்த காலால் தரையைத் தள்ள முடியாது, ஆகவே உடல் ஒரு முறை குனிந்து எழுந்தாக வேண்டும். அந்தக் குனிவைத்தான் எதிராளி படிக்கிறார்.

மறைப்பதற்கு வழி, பாரத்தை வேறு ஒரு வேலையின் பெயரில் அனுப்புவது. ஜாபோடு (முன்கை நேர்க்குத்து) முன்னால் ஓர் அடி வைத்தால் பாரம் முன்காலுக்கு வந்திருக்கும். பின்கால் அப்போது ஏற்கெனவே இலேசாகிவிட்டது, உதைக்கத் தனியாகத் தயாராக வேண்டாம். ஜாப், கிராஸ், ஹூக், பின்கால் லோ கிக் என்ற சேர்க்கையைக் கிட்டத்தட்ட எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் சொல்லித் தருகிறார்கள். அதை மனப்பாடம் செய்யாமல் பாரத்தின் வழியாகப் பாருங்கள்: முன்னால் கொஞ்சம், முன்னால் நிறைய, பின்னால், மறுபடி முன்னால் அடி வைத்து உதை. ஊஞ்சல் போல ஒவ்வொன்றும் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. கிராஸ் முடிந்த உடனே முன்கால் உதையைப் போட முயன்றால் தடுமாறுவதும் இதனால்தான். அந்தக் கால்தான் அந்நேரம் உங்களைச் சுமக்கிறது.

பயிற்சி: பார்ட்னர் எதிரில் நின்று உங்கள் மார்பை மட்டும் பார்க்கட்டும். நீங்கள் மெதுவாக, எந்த வேகமும் இல்லாமல், முன்கால், பின்கால் என்று மாற்றி மாற்றித் தூக்குங்கள். எந்தக் கால் வரப்போகிறது என்று அவர் கால் எழும் முன்பே சொல்ல வேண்டும். அவர் தவறாகச் சொல்லத் தொடங்கும் நாளில் வேகத்தைச் சேருங்கள். சலிப்பான பயிற்சிதான். ஆனால் என் உதைகள் படத் தொடங்கியது இதற்குப் பிறகுதான், அதனால் மாணவர்களிடம் பிடிவாதமாக இதைச் செய்யச் சொல்கிறேன்.

"கிராஸ் அடித்ததும் முன்னால் விழுகிறேன், திருப்பி அடி வாங்குகிறேன்"

இதற்குப் பெரும்பாலும் காரணம் பஞ்சிங் பேக். பேக் உங்களைத் தாங்குகிறது. எவ்வளவு சாய்ந்து குத்தினாலும் அது முட்டுக் கொடுத்து நிறுத்தும், நீங்களும் நன்றாக நிற்பதாக நம்பிவிடுவீர்கள். ஆள் விலகிவிடுவார், பேக் விலகாது.

சோதிக்கும் முறை: பார்ட்னர் குத்து வாங்கும் பேடைப் பிடிக்கட்டும். பத்துக் குத்துகளில் இரண்டு மூன்றில், உங்களுக்குச் சொல்லாமல் கடைசிக் கணத்தில் பேடை விலக்கட்டும். காற்றில் குத்திய பிறகு ஓர் அடி முன்னால் வைத்து நிற்க வேண்டியிருந்தால், உங்கள் பாரம் உங்கள் காலில் இல்லை, பேடில் இருந்திருக்கிறது.

படத்தில் குத்து முடியும் காட்சியை நிறுத்தி, மூக்கிலிருந்து நேர்கோடு போடுங்கள். கோடு முன்காலின் விரல்களைத் தாண்டினால் அதிகம். அதே காட்சியில் முன் முழங்காலையும் பாருங்கள். குத்தத் தொடங்கியபோது இருந்த இடத்தைவிட முன்னால் சரிந்திருக்கிறதா? அங்கேதான் விசை கசிகிறது. கதவு வேகமாகச் சாத்த வேண்டுமானால் கீல் அசையக் கூடாது. கிராஸில் முன்கால்தான் கீல். பின் இடுப்பு அதைச் சுற்றி வந்து அறைய வேண்டும். கீலும் சேர்ந்து நகர்ந்தால் கதவு அறையாது, உங்கள் உடல் மட்டும் எதிராளியை நோக்கிப் போய்ச் சேரும்.

எடைக்கருவிகளின் மேல் நின்று, மிக மெதுவாக ஒரு கிராஸ் போடுங்கள். 70 கிலோவில் முன்கால் 45 வரை ஏறலாம். ஆனால் அங்கே இரண்டு நொடி ஆடாமல் நிற்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து முன்காலைத் தூக்காமலே பழைய எண்ணுக்குத் திரும்ப வேண்டும். முள் நடுங்கினால் இன்னும் மெதுவாக. பின்காலின் குதிகால் வெளிப்பக்கமாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். அது தரையில் ஒட்டியிருந்தால் இடுப்பு சுழலாது, தோள் தனியாகத் துரத்திக்கொண்டு போகும். பின்பாதம் மொத்தமாகக் காற்றில் எழுந்தாலும் தவறு. அந்தப் பாதத்தின் பெருவிரல் அடிப்பகுதி தரையை விடவே கூடாது.

"ஜாப் எட்டவே இல்லை"

கை நீளத்தைக் குறை சொல்லும் முன், தரையில் ஒட்டுநாடாவால் இரண்டு பாதங்களின் இடத்தையும் குறித்துவிட்டு ஜாபோடு முன்னேறுங்கள். முதல் அசைவு எந்தப் பக்கம் என்று படத்தில் பாருங்கள். முன்னால் போக வேண்டிய உடல், முன்காலைத் தூக்குவதற்காக முதலில் பின்னால் சாய்கிறது. போன தூரத்தை மறுபடி கடந்த பிறகுதான் உண்மையில் முன்னேறுகிறது. அதற்குள் எதிராளி விலகிவிட்டார்.

1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்சி இதற்கு நேரெதிரான வழியைக் கற்பித்தார். பாரத்தை முன்காலின் மேல் வைத்துக்கொண்டு, பின்னால் எடுக்காமலே அந்தக் காலைத் தரையிலிருந்து விடுவித்து நீட்டி வை என்றார். தாங்கிக்கொண்டிருந்த கால் திடீரென இல்லாமல் போகும்போது உடல் முன்னோக்கி விழும். அந்த விழுகையின் பாரம் முழுவதும் பாதம் ஊன்றும் முன் குத்தும் கையில் சேர்கிறது. மேலே லோ கிக் பகுதியில் நான் சொன்னதற்கு இது முரண் என்று தோன்றலாம். முரண் இல்லை. லோ கிக்கைத் தடுக்கும்போது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அதனால் பாரம் மறுகாலுக்குப் போயாக வேண்டும். இங்கே நிற்கவே போவதில்லை, விழுகையைத்தான் வேண்டுகிறோம். உதை அனுமதிக்கும் ஸ்பாரிங்கில், குத்தப் போகும் அந்த ஒரு கணத்துக்கு மட்டும் முன்னால் சாய்ந்துவிட்டு உடனே நடுவுக்கு வந்துவிட வேண்டும்.

முன்கால் எத்தனை விரற்கடை போகிறதோ அத்தனை பின்காலும் வந்து சேர வேண்டும். வராவிட்டால் மூன்றாவது ஜாபில் உங்கள் நிலை இரண்டு மடங்கு அகலமாகி, மேலே சொன்ன லோ கிக்குக்கு நீங்களே அழைப்பு வைத்திருப்பீர்கள்.

"இலேசாகத் தள்ளினாலே நிலைகுலைகிறேன்"

எந்தப் பக்கம் விழுகிறீர்கள்? இதற்கு விடை தெரியாமல் திருத்தக் கூடாது.

பக்கவாட்டில் விழுகிறீர்கள் என்றால் இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருக்கின்றன, கயிற்றின் மேல் நடப்பவர்போல. முன்பின்னாக எவ்வளவு அகலம் வைத்தாலும் இந்தக் கோட்டுக்குக் குறுக்கே உங்களுக்கு ஒரு பாத அகலம்தான் ஆதாரம். தரையில் ஒரு நேர்கோடு ஒட்டி, முன்காலின் குதிகால் கோட்டுக்கு ஒரு பக்கம், பின்காலின் விரல்கள் மறுபக்கம் இருக்கும்படி நில்லுங்கள். தோள்பட்டை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி விட்டால் போதும்.

நேராகப் பின்னால் விழுகிறீர்கள் என்றால் பாரம் குதிகால்களில் இருக்கிறது. தாடையைத் தூக்கி, முதுகைப் பின்னால் வளைத்து அடியிலிருந்து விலகும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வரும். பின்காலின் முழங்கால் நேராகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நேரான கால் தள்ளுதலை உறிஞ்சாது, அப்படியே உடலுக்குக் கடத்திவிடும். நிற்கும்போது உடலின் நிறைமையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்குள் இருக்கிறது. அதைத் தாழ்த்த முதுகை வளைக்கக் கூடாது, முழங்காலை மடக்க வேண்டும்.

யாரும் பலமாகத் தள்ளாமலே, அடி எடுத்து வைக்கும்போது மட்டும் கால் பறிபோகிறது என்றால் அது நிலையின் கோளாறு இல்லை, நடையின் கோளாறு. ஜூடோவில் தேஆஷி பராய் என்ற கால் வாரல் இந்த ஒரே கணத்துக்காக உள்ளது: முன்னால் வைக்கும் பாதத்தில் பாரம் ஏறத் தொடங்கியும் முழுதாக ஏறாமலும் இருக்கும் இடைவெளி. அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான் மருந்து. நீண்ட அடி வைக்காமல் பாதத்தைத் தரையோடு ஒட்டிச் சறுக்கிப் போடுங்கள். சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடியைப் பழக்குவதும் இந்தக் கவனத்தால்தான் என்று நினைக்கிறேன்.

"இரண்டாவது ரவுண்டிலேயே தொடை எரிகிறது"

மிக ஆழமாக உட்கார்ந்து நிற்கிறீர்கள், அல்லது ஒரே காலில் பாரத்தைத் தேக்கி வைத்திருக்கிறீர்கள். எந்தத் தொடை எரிகிறது என்பதே விடை. இரண்டும் சமமாக எரிந்தால் ஆழத்தைக் குறையுங்கள். தொடைக்குப் பதில் கெண்டைக்கால் இறுகினால், முழு நேரமும் குதிகாலைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருக்கிறீர்கள். குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும்.

"சுற்றி நகரும்போது கால் பின்னிக்கொள்கிறது"

எந்தத் திசையில் போகிறீர்களோ அந்தத் திசையில் உள்ள கால் முதலில் நகர வேண்டும். இடப்பக்கம் போக இடது கால், வலப்பக்கம் போக வலது கால். பின்னினால் நீங்கள் இதை மாற்றிச் செய்கிறீர்கள், வேறு காரணம் அரிது. கணுக்கால்களுக்கு நடுவே ஒரு இலேசான ரப்பர் வளையத்தைப் போட்டுக்கொண்டு மூன்று ரவுண்டு நிழல் சண்டை (எதிராளி இருப்பதாக நினைத்துத் தனியாகச் செய்யும் பயிற்சி) செய்தால், கால்கள் நெருங்கும்போதெல்லாம் வளையம் தளர்ந்து காட்டிக்கொடுக்கும்.

"ஸ்பாரிங்குக்குப் பிறகு முழங்கால் உட்புறம் வலிக்கிறது"

இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். வீங்கியிருந்தால், கால் பாதியில் மடங்காமல் சிக்கினால், நடக்கும்போது நழுவுவதுபோல இருந்தால், நிலையைத் திருத்தும் பேச்சே வேண்டாம். பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அப்படி எதுவும் இல்லாமல், குத்தும்போதும் உதைக்கும்போதும் மட்டும் வலி வந்து போகிறது என்றால், பாதம் ஓரிடத்தில் ஒட்டியிருக்க மேலே உடல் சுழல்கிறது. முழங்கால் மடங்கவும் நீளவும் ஏற்ற மூட்டு. முறுக்கைத் தாங்கும் இடம் அதற்கு மிகக் குறைவு. பாரம் முழுவதும் குதிகாலில் இருக்கும்போது பாதம் சுழலாது, அந்த முறுக்கு முழங்காலுக்கு ஏறிவிடும். ரவுண்ட் கிக்கில் (பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் உதை) தாங்கி நிற்கும் காலைப் பாருங்கள்: பாரம் அந்தப் பாதத்தின் முன்பகுதிக்கு வந்து, குதிகால் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். ஒட்டும் தன்மையுள்ள விரிப்பில் வெறுங்காலோடு பழகுபவர்கள் முதலில் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பிறகு உதைப்பது பாதுகாப்பு.

நின்ற நிலையிலும் முழங்கால் உள்ளே சரிகிறதா என்று முன்னாலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். முழங்கால் எப்போதும் பாதத்தின் இரண்டாவது விரல் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். பின்பாதத்தை அளவுக்கு மீறி வெளியே திருப்பி, முழங்காலை முன்னால் இழுத்து வைத்திருப்பவர்களுக்கு இந்த வலி அதிகம் வருவதைப் பார்த்திருக்கிறேன். பின்பாதம் 45 பாகைக்கு அருகில் இருந்தால் போதும்.

"சவுத்பாவோடு மட்டும் எல்லாமே குழம்புகிறது"

முன்பாதத்தை அவருடைய முன்பாதத்துக்கு வெளியே வை என்று எல்லோரும் சொல்வார்கள். சொன்னது சரி, செய்வதில்தான் கோளாறு. முன்பாதத்தை மட்டும் தூர நீட்டி வைப்பதால் நிலை அகன்று, பாரம் முன்னால் இறங்கி, இடுப்பு அவருக்கு நேராகத் திறந்துவிடுகிறது. அவருடைய இடது கிராஸுக்கும் இடது உதைக்கும் வாசல் அதுதான். வெளியே ஒரு சிறு அடி, பின்காலும் அதே அளவு, பிறகு மறுபடி ஒரு சிறு அடி என்று இரண்டு தவணையில் போங்கள். போய்ச் சேர்ந்ததும் "முன்காலை இப்போது தூக்க முடியுமா?" என்று உங்களையே கேளுங்கள். முடியாது என்றால் போட்டிக்காக நீட்டியிருக்கிறீர்கள், நிலைக்காக இல்லை.

"தனியாகச் செய்யும்போது எல்லாம் சரி, அடி வந்ததும் மறந்துபோகிறது"

அடி வரும்போது உடல் செய்யும் முதல் காரியம் தலையைப் பின்னால் எடுப்பது. தலை போனால் பாரம் குதிகாலுக்குப் போகும், குதிகாலில் நின்றால் ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. இது பழக்கக் குறைவு, தைரியக் குறைவு இல்லை. யாரையும் இதற்காகத் திட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முழு ஸ்பாரிங்கை ஓரிரு வாரம் நிறுத்திவிட்டு இப்படிச் செய்யுங்கள். பார்ட்னர் ஜாப் மட்டும் போடுவார், தொடும் அளவுக்கு, அதற்கு மேல் இல்லை. நீங்கள் தடுப்பீர்கள், திருப்பி அடிக்க மாட்டீர்கள். ஒவ்வொரு ஜாபும் முடிந்த உடனே மூன்றாவது ஆள் "முன்" அல்லது "பின்" என்று சொல்வார், நீங்கள் அந்தக் காலைத் தூக்க வேண்டும். ஆரம்பத்தில் பின்கால் எழவே எழாது, ஏனென்றால் பாரம் அங்கே ஓடி ஒளிந்திருக்கும். இரண்டு நிமிடம் செய்து, ஒரு நிமிடம் ஓய்வு, நான்கு முறை. சொன்ன காலைத் தலை ஆடாமல் தூக்க முடிந்த பிறகு ஜாபோடு கிராஸைச் சேர்க்கலாம். அதன் பிறகு லோ கிக். திருப்பி அடிப்பதை எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சேருங்கள். வேகத்தைக் கூட்டியதும் தலை மறுபடி பின்னால் போகத் தொடங்கினால், அதற்கு முந்தைய படிக்கு இறங்கி அங்கே இன்னும் இரண்டு நாள் இருங்கள்.